ஏழாம் எண்ணின் எலும்பு

2025 ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை. ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு எழுந்தேன். கோத்தகிரியிலிருந்து தம்பி ஆண்டுதோறும் அனுப்பிவைக்கும் நாள்காட்டியில் புதன்கிழமைத் தாளைக் கிழித்தேன். எழுந்ததும் நான் செய்யும் முதல் வேலை அதுதான். தேநீர், எதிர்க் கடையிலிருந்து ஐந்து இடியப்பம், தேங்காய்ச் சம்பல். கலஹாவிலிருந்து பேராதனைக்கு இறங்கும் பேருந்தில் ஆறு ஐம்பதுக்கு வழியில் ஏறினேன். சந்திக்குச் சற்று முன்னால் பேருந்து நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். ஒரு யானை தன் காலைச் சாப்பாடான கித்துள் பனையின் ஓலையைத் தானே தும்பிக்கையில் தூக்கிக்கொண்டு சாலை நடுவே நடந்துகொண்டிருந்தது. கண்டியில் பெரஹரா என்னும் யானை ஊர்வலம் நடக்கும் நாட்கள் அவை. நடத்துநர் படியில் தொங்கியபடி, தள்ளுவண்டிக்காரரிடம் சொல்வதுபோல, பாகனிடம் கொஞ்சம் ஓரமாகப் போகச் சொன்னார். யானை ஓரமாகப் போனது. ஒருவரும் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கோத்தகிரிச் சாலையில் யானை நின்றால் ஓட்டுநர் இன்ஜினை அணைப்பார், விளக்கை அணைப்பார், தாய்மார் குழந்தைகளின் வாயைப் பொத்துவார்கள். நான் முன் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்திருப்பதைப் பார்த்த பக்கத்துப் பெண் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அது கடிக்காது என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

இலங்கைக்கு வந்து இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகிறது. என் பெற்றோர் எழுபதுகளில் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கப்பலேறி, ரயிலேறி, நீலகிரியில் இறக்கிவிடப்பட்டவர்கள். நான் கோத்தகிரியில் பிறந்தவள். பள்ளியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'சிலோன்' என்றால் திரும்பிப் பார்ப்பேன். இருபது வருடம் கோயம்புத்தூரில் திசு வளர்ப்புக் கூடங்களில் வேலை பார்த்துவிட்டு, பேராதனையில் எலும்பு வளர்க்கும் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஒப்பந்தத்தில் தொழில்நுட்ப அலுவலராக வந்தேன். இங்கே என்னை 'இந்தியா மிஸ்' என்கிறார்கள். எனக்கு இதில் வருத்தமில்லை. பெயர்ச் சீட்டு தவறாக ஒட்டப்பட்ட புட்டியிலும் உள்ளே இருப்பது மாறிவிடுவதில்லை. ஆனால் சீட்டைச் சரியாக ஒட்டுவது என் தொழில் என்பதால், கண் அங்கே போகாமலும் இருப்பதில்லை.

ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும்போதெல்லாம் தம்பி மனைவி கேட்கும் கேள்வி, எலும்பை எப்படி வளர்ப்பீர்கள் என்பது. அவருக்குச் சொன்ன விதத்திலேயே இங்கும் சொல்கிறேன். தர்மபுரியிலிருந்து பட்டுக்கூடுகளை வரவழைக்கிறோம். சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தால் பசை போய் வெறும் பட்டு மிஞ்சும். அதைக் கரைத்து, சல்லடையில் சலித்த உப்புப் பரல்களின் மேல் ஊற்றி இறுகவைப்போம். பிறகு தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டால் உப்பு கரைந்து வெளியேறும். உப்பு இருந்த இடமெல்லாம் துளைகள். சட்டைப் பொத்தான் அளவில் கடற்பஞ்சு போன்ற ஒரு வெள்ளை வில்லை கையில் வரும். கட்டடத்துக்குச் சாரக்கட்டு எப்படியோ, எலும்புக்கு அது. எலும்பு மஜ்ஜையிலிருந்து பிரித்தெடுத்த, எலும்பாக மாறவல்ல உயிரணுக்களான குருத்தணுக்களை அந்தத் துளைகளில் குடியேற்றி, அவற்றை எலும்பாகத் தூண்டும் ஊட்டக் கரைசலை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி, இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். அணுக்கள் தங்களைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்தைப் படியவைக்கும். போகப் போகப் பட்டு கரைந்துவிடும். சாரக்கட்டைப் பிரிக்கத் தனியாக ஆள் வேண்டாம்.

அந்தக் குருத்தணுக்கள் யாருடையவை என்பதுதான் இந்தக் கட்டுரை. அவர் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை. எங்கள் குறிப்பேட்டில் அவர் ஏழு. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த அம்மா, வயது ஐம்பத்தெட்டு. மலையிலிருந்து இறங்கும்போது கானுக்குள் விழுந்தார். அங்கே வடிகாலைக் கான் என்பார்கள். இடுப்பு மூட்டு முறிந்து, ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு உலோகம் வைத்தார்கள். எடுத்த எலும்புத் தலை குப்பைக்குப் போகும். அதைக் கேட்டு வாங்குவதற்கு, தமிழ் தெரிந்தவள் என்பதால் என்னை அனுப்பினார்கள். ஒப்புதல் படிவத்தை ஒவ்வொரு வரியாக வாசித்தேன். கட்டிலில் படுத்தபடி முழுவதையும் கேட்டுவிட்டு, "வெட்டி எறியிற எலும்புதானே மிஸ், எடுத்துக்கங்க. ஆனா அது என்ன ஆச்சுன்னு நீங்களே வந்து எனக்குச் சொல்லணும். கடுதாசி போடக்கூடாது," என்றார். படிவத்தில் அப்படி ஒரு வரி இல்லை. கடைசியில் கையால் எழுதிச் சேர்த்து இருவரும் கையெழுத்திட்டோம். அப்போதுதான் அவர், என் அப்பா எந்தத் தோட்டத்துக்காரர் என்று விசாரித்தார். சொன்னேன். என் முகத்தைப் பார்த்து, "அப்ப நீங்க போனவங்க புள்ளையா," என்றார். கோத்தகிரியில் நான் வந்தவர்களின் பிள்ளை. இங்கே போனவர்களின் பிள்ளை.

ஏழின் அணுக்கள் மிக மெதுவாகப் பெருகின. மற்ற ஆறு கொடையாளர்களின் அணுக்கள் பத்து நாளில் தட்டை நிரப்பியபோது இவருடையவை பாதிகூட நிரப்பவில்லை. எங்கள் பேராசிரியர் நல்லவர், குரலை உயர்த்தாதவர். வாழ்நாள் முழுக்கச் சத்துக் குறைந்த உணவும் சுமையுமாகக் கழித்த உடம்பிலிருந்து வந்தவை இவை, எலும்பு கட்டாது, விட்டுவிடுவோம் என்றார். எலும்பு முறிவோடு இந்த மலைகளிலிருந்து இறங்கி வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த அம்மாவைப் போன்றவர்களே, அவர்களுக்குக் கட்டுமா கட்டாதா என்று தெரியாமல் மற்றவர்களுக்குக் கட்டுகிறது என்று எழுதி என்ன பயன் என்று கேட்டேன். ஒரே ஒரு தொகுதிக்கு அனுமதித்தார். ஏழின் அணுக்கள் முழுவதையும் ஆறு பட்டு வில்லைகளில் விட்டேன். உறையவைத்து ஒதுக்க எதுவும் மிஞ்சவில்லை. அணு இல்லாத வெறும் வில்லை ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் வைத்தேன். ஜூலை 19 தொடக்கம். ஆகஸ்ட் 9 சனிக்கிழமை இருபத்தொன்றாம் நாள்.

மீண்டும் வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஏழு மணி பதினைந்துக்குக் கூடத்தில் இருந்தேன். இன்குபேட்டர் வெப்பம் முப்பத்தேழு, கரியமில வாயு ஐந்து விழுக்காடு. அந்த வாயு குறைந்தால் ஊட்டக் கரைசல் காரமாகி அணுக்கள் சாகும். வாயு சிலிண்டரின் முள் காலையில் இருந்த இடத்திலிருந்து மாலைக்குள் கணிசமாக இறங்கியிருந்தது. இந்தச் சிலிண்டரில் உள்ளே திரவம் இருக்கும்வரை முள் அசையாது. அசையத் தொடங்கினால் ஒரு நாள்தான். எனக்குப் பதற்றம் இல்லை. நிரப்பிய சிலிண்டரை வெள்ளிக்கிழமை காலை கொண்டுவரும்படி வாயுக் கம்பெனிக்கு ஜூன் மாதமே எழுதிக் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை போயா, அதாவது பௌர்ணமி, இங்கே பொது விடுமுறை; அதற்கு முதல் நாள் வந்தாக வேண்டும் என்பது என் கணக்கு. வெளியே வரும்போது, அண்ணன் முறையில் நான் ரஸீன் நானா என்று கூப்பிடும் வாயிற்காவலர், நாளைக்கு லீவுதானே மிஸ் என்றார். அவர் கலகெதர என்ற ஊர்க்காரர், வீட்டுக்குப் போய்வர விடுப்புக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேலை இருக்கிறது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். போயாவன்று இங்கே வெள்ளை உடுத்தித்தான் விகாரைக்குப் போவார்கள்; அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெரஹராவின் கடைசி நாட்கள், அதனால் என்று எண்ணிக்கொண்டேன். வாயிற்கதவு சாத்தியிருந்தது. ரஸீன் நானா பாதி திறந்துவிட்டு, "இன்டைக்குப் போயா மிஸ். நேத்தே சொன்னேனே," என்றார். அவருக்கு என்னைத் திருத்துகிறோமே என்ற கூச்சம். எனக்கு அதை நம்பவே முடியவில்லை. போயா நாளைதான், என் நாள்காட்டியில் இருக்கிறது என்றேன். "உங்கட நாள்காட்டி இந்தியாவுலதானே மிஸ்," என்றார் அவர்.

நடந்தது இதுதான். என் நாள்காட்டி சூரிய உதயத்தில் எந்தத் திதி நிற்கிறதோ அதைத்தான் பெரிய எழுத்தில் போடும். வெள்ளிக்கிழமைத் தாளில் பெரிதாகச் சதுர்த்தசி. கீழே எறும்பு எழுத்தில், பிற்பகல் வரை, பின் பௌர்ணமி. சனிக்கிழமைத் தாளில்தான் பெரிதாகப் பௌர்ணமி. இங்கே போயாவைத் தீர்மானிப்பவர்கள் வெள்ளியை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலான மாதங்களில் இரண்டும் ஒன்றாகவே விழும். இரண்டு வருடமாக அந்த வித்தியாசம் என் கண்ணில் படவே இல்லை, விலகிய மாதங்களில் யாராவது விடுமுறையை முன்பே சொல்லியிருப்பார்கள். இந்தமுறை ஜூன் மாதமே அட்டவணையை நானே போட்டேன், கோத்தகிரி நாள்காட்டியைப் பார்த்து, அளவுகோல் வைத்துக் கட்டம் கட்டி. வேலை அட்டவணையில் ஒரு தவறும் விடாதவள் என்று எனக்கே என்னைப் பற்றி ஒரு எண்ணம் இருந்தது.

உள்ளே போனேன். சிலிண்டர் முள் பூச்சியத்தில். இன்குபேட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது; வாயு மூன்றுக்குக் கீழே போய் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. வாயுக் கம்பெனிக்குத் தொலைபேசி செய்தேன், மணி அடித்து ஓய்ந்தது. அடுத்த வேலை நாள் திங்கள். கொழும்பிலிருந்த பேராசிரியரை அழைத்தேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். உங்கள் தவறு என்று அவர் சொல்லவில்லை. ஏழு இல்லாமலும் நம் முடிவுகளின் அட்டவணை நிற்கும், வருந்தாதீர்கள், வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றார். அந்தப் பரிவு எனக்கு ஏச்சைவிடக் கனமாக இருந்தது. அட்டவணை நிற்கும். ஏழு என்ற எண்ணுக்கு நேரே ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டைப் பார்ப்பவர்கள் அவருடைய எலும்பில் சத்தில்லை என்று படிப்பார்கள். அந்த இந்தியாக்காரி நாள்காட்டியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று எவரும் படிக்க மாட்டார்கள். அணுக்கள் இன்னும் சாகவில்லை, நான் வீட்டுக்குப் போகவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு வைத்தேன்.

என் முதல் வேலை கோத்தகிரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில். அங்கே வாயுவும் இல்லை, சிலிண்டரும் இல்லை. சில கிருமிகளை வளர்க்கக் கரியமில வாயு தேவைப்பட்டால், பெரிய பிஸ்கட் டின்னுக்குள் தட்டுகளை அடுக்கி, ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து மூடிவிடுவோம். சுடர் தானாக அணையும்போது உள்ளே ஏறத்தாழ மூன்று விழுக்காடு வாயு சேர்ந்திருக்கும். ஐந்து அல்ல, மூன்று. மூன்றில் என் கரைசல் எவ்வளவு காரமாகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அணுக்களுக்குச் சுகமாக இருக்காது. ஒரு நாள் தாங்கும். எனக்கு வேண்டியது ஒரு நாள்தான். கூடத்தில் இறுக்கமாக மூடும் பெரிய கண்ணாடி ஜாடி இருந்தது. விளிம்புக்குப் பூச வாசலின் இருந்தது. மெழுகுதிரிதான் இல்லை.

கடைகள் மூடியிருந்தன. ரஸீன் நானா கையை நீட்டி, கீழே அரச மரத்தடியில் விற்பார்கள் என்றார். அதுவும் எனக்குத் தோன்றவில்லை. வாயு கிடைக்காத அதே நாளில்தான் இந்த நாட்டில் மெழுகுதிரி எங்கும் கிடைக்கும். பௌத்த விகாரைக்கு வெளியே பலகை போட்டு ஒரு பெண் தாமரை, ஊதுபத்தி, எண்ணெய், திரி எல்லாம் வைத்திருந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தடித்த, குட்டையான, புகையாத மெழுகுதிரி நான்கு கேட்டேன். அவர் நான்கு எடுத்தார், கூடவே ஊதுபத்தியும் மூன்று தாமரை மொட்டும் எடுத்துத் தட்டில் வைத்தார். மெழுகுதிரி மட்டும் போதும் என்றேன். பூ இல்லாமல் யாராவது விளக்கேற்றுவார்களா என்று கேட்பது முகத்திலேயே தெரிந்தது. யாருக்காக என்றார். விளக்கும் அளவுக்கு எனக்குச் சொற்கள் இல்லை. ஒரு அம்மாவின் எலும்பு என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே கைகூப்பினார். பூவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நான் சொன்னதை அவர் வேறுவிதமாகத்தான் விளங்கிக்கொண்டார். ஆனாலும் திரும்பி நடக்கும்போது, அதில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

தாமரையும் ஊதுபத்தியுமாக வந்த என்னைப் பார்த்து ரஸீன் நானா சிரிப்பை அடக்கினார். மெழுகுதிரியை எங்கே கொளுத்தப்போகிறேன் என்று சொன்னதும் சிரிப்புப் போய்விட்டது. "உள்ளுக்க நெருப்புக் கொளுத்த ஏலா மிஸ். விடுமுறை நாள்ல எண்டா கட்டாயம் ஏலா. நான் புத்தகத்துல எழுதோணும்." எழுதுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். ஸ்பிரிட் புட்டிகளையெல்லாம் அடுத்த அறைக்கு மாற்றினேன். மணல் வாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெழுகுதிரியை நான்கு சென்டிமீட்டருக்கு வெட்டி, ஈரப் பஞ்சு வைத்து, ஏழு வில்லைகள் இருந்த தட்டை உள்ளே வைத்து, கொளுத்தி மூடினேன். கரைசலின் நிறம், காரம் ஏறியதன் அடையாளமாக, அப்போதே சிவப்பிலிருந்து கத்தரிப்பூவின் பக்கம் சாய்ந்திருந்தது. சுடர் சுருங்கி, நீலமாகி, அணைந்தது. ஜாடியை இன்குபேட்டருக்குள் வைத்தேன். அதன் சூடு இன்னும் வேலை செய்தது. மணி ஒன்பது இருபது.

நண்பகலில் நிறம் பார்த்தேன், மீண்டும் சிவப்பு. இரண்டு மணிக்கு ஒரு பக்கம் வாசலின் விட்டுப்போய்க் காற்று கசிந்திருந்தது. வேறு மெழுகுதிரியால் திரும்பச் செய்தேன். ஐந்து மணிக்கு மறுபடியும் ஒருமுறை, இந்தமுறை இரட்டைப் பூச்சு. கிளம்பும்போது ரஸீன் நானாவின் புத்தகத்தைக் கேட்டேன். 'போயா விளக்கு ஏற்றப்பட்டது' என்று எழுதியிருந்தார். இது சரியல்ல என்றேன். சோதனைக்காக மூன்று முறை மெழுகுதிரி கொளுத்தியதாக எழுதச் சொன்னேன். "உள்ளத எழுதினா என்ட வேல போகும், உங்கட விசாவும் போகும். வெளக்கு எண்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க மிஸ்," என்றார். அப்புறம் தாழ்ந்த குரலில், "பொய்யும் இல்லதானே," என்றார். இருபத்தேழு வருடமாக நான் பதிவேட்டில் ஒரு சொல்லைக் கூட உள்ளதற்கு மாறாக எழுதியதில்லை. அவர் புத்தகம் அவருடையது என்று விட்டுவிட்டேன். என் குறிப்பேட்டில் நேரத்தோடு உள்ளது உள்ளபடியே எழுதினேன், தவறு யாருடையது என்பதையும் சேர்த்து.

சனிக்கிழமை ஏழு மணிக்கு ஜாடியைத் திறந்தேன். கரைசல் சிவப்பாகவே இருந்தது. வில்லைகளைக் கழுவி, சுண்ணாம்புச் சத்தோடு மட்டும் ஒட்டும் சிவப்புச் சாயத்தில் இட்டு, நேரம் பார்த்து எடுத்து, நீர் தெளியும்வரை அலசினேன். வெறும் பட்டு வில்லை வெள்ளையாகத் திரும்பியது. ஏழின் ஆறு வில்லைகளில் இரண்டு வெளிறியிருந்தன. நான்கில், உப்பு கரைந்து போன துளைகளின் ஓரமெல்லாம், எவ்வளவு அலசியும் போகாத சிவப்பு. மற்றவர்களுடையது போல் அடர்த்தியில்லை. ஆனால் எலும்பு கட்டியிருந்தது. கோடு போட வேண்டிய இடத்தில் நான்கு என்று எழுதினேன். படத்தைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். வெகுநேரம் கழித்து, ஏழையும் சேர்த்துக்கொள்வோம், மெழுகுதிரியையும் மறைக்காமல் எழுதுவோம் என்று பதில் வந்தது.

பகல் பேருந்தில் கலஹாவுக்கு ஏறினேன். ஏழு ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டார். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். இது ரத்தமா என்றார். சாயம் என்றேன். "சாயம் போட்டா எல்லாந்தான் செவக்கும்," என்றார். எங்கள் கூடத்தில் சேர்ந்த புதிதில் ஆய்வு மாணவர்கள்கூட இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. வெறும் பட்டின் படத்தைக் காட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்ப வெறும் பட்டுல ஒட்டாது."

"ஒட்டாதுக்கா."

"என்னுதுல ஒட்டியிருக்கு." கைப்பேசியைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டார். "என் எலும்புல ஒன்னும் இல்ல, உளுத்துப் போச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க மிஸ். இத அவங்ககிட்டயும் காட்டுங்க."

இதைத் திரும்பத் தனக்கு வைப்பீர்களா என்று கேட்டார். இல்லை, இன்னும் பல வருடம் ஆகும், முதலில் எலி, பிறகு ஆடு, அதற்குப் பிறகுதான் மனிதர் என்று உண்மையைச் சொன்னேன். "நல்லா இருக்கே, என் எலும்ப வச்சு ஆடு மல ஏறப்போகுது," என்று சிரித்தார். மெழுகுதிரிக் கதையையும் சொன்னேன். அதற்குத்தான் அதிகம் சிரித்தார். "போயா என்னைக்குன்னு தெரியாத ஆளு எலும்பு வளக்குறீங்களா? எங்க தோட்டத்துல பேரு எழுதத் தெரியாதவங்களுக்குக்கூடப் போயா தெரியும்." கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் தொங்கிய இரண்டு நாள்காட்டிகளில் ஒன்றைக் கழற்றிச் சுருட்டிக் கையில் கொடுத்தார். கலஹா மளிகைக் கடையினுடையது. போயா நாட்களில் மஞ்சள் வட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து பத்துக்கு எழுந்ததும் முதலில் செய்தது இது. கோத்தகிரி நாள்காட்டியில் கிழிக்காமல் நின்ற வெள்ளி, சனித் தாள்களைக் கிழித்தேன். என் வீட்டுச் சுவரில் ஒரே ஓர் ஆணிதான். அதிலேயே கலஹா நாள்காட்டியையும் மாட்டினேன், ஒன்று மற்றதைப் பாதி மறைத்தது. பிறகு இரண்டையும் புரட்டி, வரும் பௌர்ணமிகளைப் பென்சிலால் குறித்தேன். செப்டெம்பரில் இரண்டிலும் ஒரே நாள். அக்டோபரில் மறுபடியும் ஒரு நாள் விலகுகிறது.